51-10 என்று ஜெயித்த மறுநாள் போன வேலை: ஜிம்போ ஃபிஷரும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மின் 7.6 கோடி டாலரும்

2023 நவம்பர் 11, சனிக்கிழமை. டெக்சாஸ் மாநிலம் காலேஜ் ஸ்டேஷன் நகரில் உள்ள கைல் ஃபீல்டு மைதானத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி, மிசிசிப்பி ஸ்டேட் அணியை 51-10 என்று துவைத்து எடுத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஜெயித்த அணியின் ஹெட் கோச் ஜிம்போ ஃபிஷரைப் பல்கலைக்கழகம் வேலையை விட்டு அனுப்பியது. அனுப்பியதற்காக அவருக்குத் தர ஒத்துக்கொண்ட தொகை 7.6 கோடி டாலருக்கும் மேல். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 630 கோடி ரூபாய்.

அந்தத் தொகை கொடுக்கப்படும் விதம் இது. முதல் 60 நாளுக்குள் 1.92 கோடி டாலர். அப்புறம் 2031 வரை ஆண்டுக்கு 72 லட்சம் டாலர். நடுவில் அவர் வேறு எங்கே வேலைக்குப் போனாலும் ஒரு சென்ட்கூடக் கழிக்க முடியாது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு கோச்சை அனுப்ப அதற்கு முன் செலவான பெரிய தொகை, 2020 டிசம்பரில் ஆபர்ன் பல்கலைக்கழகம் கஸ் மால்சானுக்குக் கொடுத்த 2.145 கோடி டாலர். ஏ அண்ட் எம் கொடுத்தது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஏ அண்ட் எம் ரசிகர்கள், அவர்கள் பேச்சில் ‘ஆகீஸ்’, இன்றும் இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். ஒரு தரப்புக்கு, இவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு வருடா வருடம் எட்டு வெற்றியில் நின்றவர் ஃபிஷர். மறு தரப்புக்கு, 2020இல் நாட்டிலேயே நாலாவது இடத்துக்கு அணியைக் கொண்டுபோனவர். குவார்ட்டர்பேக்குகள் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள்) அடுத்தடுத்துக் காயப்படாமல் இருந்திருந்தால் கதையே வேறு. இரண்டு தரப்பும் தோல்வி-வெற்றிக் கணக்கையும் ஆண்டுச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேசுகின்றன. ஆனால் இந்த 7.6 கோடியை உண்டாக்கியது அந்த இரண்டும் இல்லை என்பது என் கருத்து. 2021 செப்டம்பர் 1ஆம் தேதி, யாரும் கழுத்தில் கத்தி வைக்காதபோது, போட்ட ஒரு கையெழுத்துதான் அதன் பெரும்பகுதிக்குக் காரணம்.

ஏன் இவ்வளவு ஆசை

1876இல் மாணவர்களைச் சேர்த்துத் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. ராணுவக் கேடட் மரபு இன்னும் அழியாத இடம். 1922 ஜனவரியில் டாலஸில் சென்டர் கல்லூரியோடு ஆடிய ஆட்டத்தில் வீரர்கள் ஒவ்வொருவராகக் காயப்பட, பார்வையாளர் பகுதியில் இருந்த இ. கிங் கில் என்ற மாணவர் கீழே இறங்கிவந்து சீருடை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். அவரை ஆட இறக்கத் தேவை வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து ‘பன்னிரண்டாவது ஆள்’ என்பது இந்தக் கல்லூரியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டேதான் பார்க்கிறார்கள். 2015இல் 48.5 கோடி டாலர் செலவில் புதுப்பித்து முடித்த கைல் ஃபீல்டில் 1,02,733 பேர் உட்காரலாம்.

இவ்வளவு இருந்தும் தேசிய சாம்பியன் பட்டம் கடைசியாக வந்தது 1939இல். கான்ஃபரன்ஸ் பட்டம், அதாவது தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழுவில் முதலிடம், கடைசியாக வந்தது 1998இல், ஆர். சி. ஸ்லோகம் காலத்தில். ஸ்லோகம் 14 ஆண்டில் 123 ஆட்டம் ஜெயித்தவர். ஒரு பருவத்தில்கூட அவருடைய தோல்விகள் வெற்றிகளை மிஞ்சியதில்லை. அவரையும் 2002 முடிவில் அனுப்பினார்கள். பின்னால் வந்த டெனிஸ் ஃபிரான்கியோனி 32-28 (முதல் எண் வெற்றி, அடுத்தது தோல்வி), மைக் ஷெர்மன் 25-25. ஸ்லோகத்தை அனுப்பியது சரிதானா என்ற கேள்வி அந்த ஊரில் வெகுகாலம் ஓடியது.

2012இல் அணி எஸ்இசி என்ற தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் கான்ஃபரன்ஸுக்கு மாறியது. நாட்டிலேயே கடுமையான போட்டி அங்கேதான். முதல் ஆண்டிலேயே புது கோச் கெவின் சம்லின் 11-2 என்று முடித்தார். ஜானி மேன்சியல் என்ற இளைஞர் அலபாமாவை அதன் ஊரிலேயே வீழ்த்தி ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். அதன்பிறகு 9-4, மூன்று முறை 8-5, கடைசியில் 7-5. ஆறு ஆண்டில் மொத்தம் 51-26. இது போதாது என்று 2017 நவம்பரில் சம்லினையும் அனுப்பினார்கள். ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வாங்கிய அவருக்கு விடைகொடுக்க 1.04 கோடி டாலர் செலவானது. இந்த 51-26ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

2017 டிசம்பர்: முதல் கையெழுத்து

அப்போதைய விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்காட் வுட்வர்ட். பெரிய பேரோடு வருபவரைத்தான் பிடிப்பது என்பது அவர் வழக்கம். ஃபிஷர் அப்போது ஃப்ளோரிடா ஸ்டேட்டில் இருந்தார். எட்டு ஆண்டில் 83-23. 2014 ஜனவரியில் ஆபர்னை 34-31 என்று வென்று தேசியப் பட்டம் வாங்கியவர். அதற்கு முன் எல்எஸ்யூவில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) ஹெட் கோச் நிக் சேபனிடம் தாக்குதல் பிரிவின் கோச்சாக இருந்து, 2003 பருவத்தின் பட்டத்தில் பங்கு வகித்தவர். ஆனால் அவர் ஃப்ளோரிடா ஸ்டேட்டை விட்டு வந்த 2017ஆம் ஆண்டில் அந்த அணி அவர் கையில் 5-6 என்று சரிந்திருந்தது. முதல் ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக் காயப்பட்டார் என்பது உண்மை. மாற்று ஆள் தயாராக இல்லை என்பதும் உண்மை. இந்தக் குறை பின்னால் ஏ அண்ட் எம்மிலும் தலைகாட்டியது.

ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு, 7.5 கோடி டாலர். முழுத் தொகைக்கும் உத்தரவாதம். அதாவது நடுவில் அனுப்பினால் மிச்ச ஆண்டுகளின் சம்பளம் மொத்தமும் தரவேண்டும். பொதுவாக இத்தகைய ஒப்பந்தங்களில் ஒரு விதி இருக்கும், கழிவு விதி என்று வைத்துக்கொள்வோம்: அனுப்பப்பட்டவர் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும், கிடைக்கும் சம்பளத்தைப் பழைய கல்லூரி தன் பாக்கியில் கழித்துக்கொள்ளும். ஃபிஷர் ஒப்பந்தத்தில் அந்த விதி இல்லை. அவருடைய ஏஜென்ட் ஜிம்மி செக்ஸ்டன். எஸ்இசியின் பெரிய கோச்சுகளில் பலருக்கும் அவரே ஏஜென்ட். மேசையின் ஒரு பக்கம் சந்தை முழுவதையும் அறிந்தவர், மறு பக்கம் எப்படியாவது இவரைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற கல்லூரி.

ஃபிஷர் வந்த புதிதில் பல்கலைக்கழக அமைப்பின் சான்சலர் ஜான் ஷார்ப் அவருக்கு ஒரு தேசிய சாம்பியன் பட்டயத்தைப் பரிசளித்தார். அதில் ஆண்டு எழுதப்படவில்லை. 20 என்று மட்டும் இருந்தது, மீதி இரண்டு இலக்கத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். எதிர்பார்ப்பு எந்த அளவில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு கோச்சுக்கு இவ்வளவு பணம் எப்படி வருகிறது என்று நம் ஊர் வாசகர்கள் கேட்கலாம். டிவி உரிமை, டிக்கெட், பழைய மாணவர்களின் நன்கொடை என்று இந்த ஒரு துறையின் ஆண்டு வருமானம் 25 கோடி டாலரைத் தாண்டியது. 2018இல் ஆடும் மாணவர்களுக்கு உதவித்தொகையைத் தவிர எதுவும் தரக்கூடாது என்று விதி. வந்த பணம் எங்கேயாவது போகத்தானே வேண்டும்? கட்டடத்துக்கும் கோச்சுகளுக்கும் போனது. உடம்பைக் கொடுத்து ஆடியவர்களுக்குப் போகவேண்டியதில் ஒரு பங்குதான் கோச்சுகளின் சம்பளமாக வீங்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ரசிகர்களின் சம்பள விவாதத்தில் இந்தப் பகுதிதான் எப்போதும் விடுபட்டுப் போகிறது.

களத்தில் நடந்தது

2018இல் 9-4. அந்த ஆண்டு எல்எஸ்யூவை ஏழு கூடுதல் சுற்றுகளுக்குப் பிறகு 74-72 என்று வென்ற ஆட்டத்தை ஆகீஸ் யாரும் மறக்கமாட்டார்கள். 2019இல் 8-5. கொரோனா ஆண்டான 2020இல் 9-1. தோற்றது அலபாமாவிடம் மட்டும், 52-24. நான்கு அணிகள் ஆடும் இறுதிச் சுற்றுக்கு ஓர் இடம் குறைவில் வாய்ப்பு நழுவியது. நாலாவது இடம் நோட்ரடேமுக்குப் போனது. ஏ அண்ட் எம் பருவ முடிவு ஆட்டமான ஆரஞ்ச் பவுலில் நார்த் கரோலினாவை 41-27 என்று வென்றது, அதற்குப் பிறகு வந்த இறுதித் தரவரிசையில்தான் நாலாவது இடத்தைப் பிடித்தது.

இதற்குள் வுட்வர்ட் 2019இலேயே எல்எஸ்யூவுக்கு இயக்குநராகப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்திலிருந்து ராஸ் பியோர்க் வந்தார். ஃபிஷரை முதலில் கொண்டுவந்தவர் பக்கத்து மாநிலத்தில் பெரிய அணியை நடத்துகிறார், அந்த அணியின் பழைய பட்டத்தில் ஃபிஷருக்கும் பங்கு உண்டு, ஆகவே என்றைக்காவது கூப்பிட்டுவிடுவார் என்ற பயம் காலேஜ் ஸ்டேஷனில் பரவியது. அந்தப் பயத்தில்தான் 2021 செப்டம்பர் 1 அன்று, பருவம் தொடங்கும் தறுவாயில், ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். 2027இல் முடிய வேண்டியது 2031 ஆனது. சம்பளம் 75 லட்சத்திலிருந்து ஆண்டுக்கு 90 லட்சத்துக்கும் மேல் ஏறியது. உத்தரவாதம் அப்படியே தொடர்ந்தது.

ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 9 அன்று, அது மிகச் சரியான முடிவு என்று எல்லோருக்கும் தோன்றியது. தரவரிசையிலேயே இல்லாத ஏ அண்ட் எம், முதலிடத்தில் இருந்த அலபாமாவை 41-38 என்று வீழ்த்தியது. ஆடியவர் மாற்றுக் குவார்ட்டர்பேக் ஜாக் கல்சாடா. கடைசி வினாடியில் 28 கஜத்திலிருந்து சேத் ஸ்மால் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. அலபாமாவின் கோச் அதே நிக் சேபன். அவரிடம் வேலை பார்த்த கோச்சுகள் அதுவரை 24 முறை அவரை எதிர்த்து ஆடி 24 முறையும் தோற்றிருந்தார்கள். அதை முதலில் முறித்தவர் ஃபிஷர். ஆனாலும் பருவம் முடிந்தபோது 8-4.

அடுத்த ஆண்டுக்கு நாட்டின் முதலிடத்து இளம் வீரர் கூட்டம் ஏ அண்ட் எம்மில் சேர்ந்தது. ஏ அண்ட் எம் தன் வீரர்கள் எல்லோரையும் காசு கொடுத்து வாங்கியது என்று 2022 மே மாதம் சேபன் வெளிப்படையாகச் சொன்னார். ஃபிஷர் மறுநாளே நிருபர்களைக் கூட்டித் தன் பழைய குருவைக் கடுமையாகத் திட்டினார். ரசிகர்களுக்கு அது பெருமையாக இருந்தது. தங்களுக்காக ஒருவர் சண்டை போடுகிறார் என்ற உணர்வு.

அப்புறம் வந்தது 2022 செப்டம்பர் 10. ஃபிஷர் காலத்தில் ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்த்து எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். நாட்டில் ஆறாவது இடத்தில் இருந்த ஏ அண்ட் எம், சிறிய அணியான அப்பலாச்சியன் ஸ்டேட்டை 15 லட்சம் டாலர் கொடுத்துத் தன் மைதானத்துக்கு வரவழைத்தது. இத்தகைய ஆட்டங்கள் சுலபமாக ஜெயிப்பதற்காகவே ஏற்பாடு செய்யப்படுபவை. 60 நிமிட ஆட்டத்தில் 41 நிமிடத்துக்கும் மேல் பந்து வந்தவர்கள் கையில் இருந்தது. ஏ அண்ட் எம் தாக்குதல் அணிக்கு மொத்தம் 38 முறைதான் பந்தை நகர்த்த வாய்ப்பு, கிடைத்தது 186 கஜம். டெவான் ஏசேன் எதிரணியின் உதையைப் பிடித்து 95 கஜம் ஓடி ஒரு டச்டவுன் போடாவிட்டால் கதி இன்னும் மோசம். ஆட்டம் முடியும் நேரத்தில் சமன் செய்ய உதைத்த பந்தும் தவறியது. 17-14, தோல்வி.

இதில் வீரர்களின் திறமைக் குறை எதுவும் இல்லை. தாக்குதல் ஆட்டத்தின் ஒவ்வொரு அழைப்பையும் ஃபிஷரே செய்தார். அவருடைய முறை சிக்கலானது, மெதுவானது, குவார்ட்டர்பேக்கிடம் அதிகம் எதிர்பார்ப்பது. விளையாட்டு வேகத்தை நோக்கி மாறியபோது அவர் மாறவில்லை. அந்தப் பருவத்தில் வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றார்கள். முடிவு 5-7, 2009க்குப் பிறகு அந்த அணிக்குத் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சிய முதல் பருவம். சேர்த்த இளம் வீரர்கள் ஒவ்வொருவராக வேறு கல்லூரிக்கு மாறத் தொடங்கினார்கள். 2023இல் பாபி பெட்ரினோவைத் தாக்குதல் பிரிவுக்குக் கொண்டுவந்தும் மியாமி, அலபாமா, டென்னசி, ஓல் மிஸ் எல்லோரிடமும் தோல்வி. அப்போது 6-4.

ரசிகர் கணக்கும் உண்மைக் கணக்கும்

மொத்தம் 45-25. வெற்றி விகிதம் 64 சதவீதம். போதாது என்று அனுப்பப்பட்ட சம்லினுடையது 66 சதவீதம். எஸ்இசிக்குள் ஃபிஷர் 27-21. அதில் 2020ஆம் ஆண்டை எடுத்துவிட்டால் 19-20. ஃபிஷர் ஆதரவாளர்கள் அந்த ஒரு ஆண்டின் மேல் எவ்வளவு சாய்ந்திருக்கிறார்கள் என்பது இந்தக் கழித்தலில் தெரியும். காயங்களைக் காரணம் சொல்பவர்களுக்கு என் பதிலும் இதுதான்: ஆறில் ஐந்து ஆண்டு ஒரே மாதிரி இருந்தால் அதைத் துரதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது.

சரி, சம்பளக் கணக்குக்கு வருவோம். ஆறு பருவத்தில் அவர் வாங்கியது தோராயமாக 4.8 கோடி. விடைகொடுக்க 7.6 கோடி. கூட்டி 45ஆல் வகுத்தால் ஒரு வெற்றிக்கு 27 லட்சம் டாலருக்கும் மேல். எதிர்ப்பாளர்களுக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. கேட்கக் கோபம் வரும். ஆனால் எங்கே தப்பு நடந்தது என்பதை இது காட்டாது.

அதைக் காட்டுவது வேறொரு கணக்கு. 2021இல் நீட்டிப்பே நடக்கவில்லை, பழைய ஒப்பந்தமே ஓடியது என்று வைத்துக்கொள்வோம். 2023 முடிவில் அனுப்பியிருந்தால் மிச்சம் இருந்தது நான்கு ஆண்டு. ஆண்டுக்கு 75 லட்சம் வீதம் 3 கோடி டாலர். அதுவும் பெரிய தொகைதான். மால்சானின் சாதனையை அப்போதும் தாண்டியிருக்கும். ஆனால் 7.6 கோடி இல்லை. இடையில் உள்ள 4.6 கோடி டாலர் நீட்டிப்பின் விலை. அன்று ஃபிஷரின் ஒப்பந்தத்தில் இன்னும் ஆறு ஆண்டுக்கும் மேல் பாக்கி இருந்தது. ஆறு ஆண்டு மிச்சமிருக்கும் ஒருவருக்குக் கூடுதலாக நான்கு ஆண்டைச் சேர்த்து, சம்பளத்தையும் ஏற்றி, கழிவு விதியை மட்டும் கேட்காமல் விட்டார்கள். பேரம் பேச அதைவிட நல்ல சமயம் கல்லூரிக்கு வாய்த்திருக்காது. கூடுதல் ஆண்டுகள் வேண்டுமா, பதிலுக்குக் கழிவு விதியைச் சேருங்கள் என்று கேட்டிருக்கலாம். ஒரு நல்ல பருவமும் ஒரு பயமும் சேர்ந்து அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டன.

இதில் ரசிகர்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லத்தான் வேண்டும். நீட்டிப்பு அறிவிக்கப்பட்டபோது ஊர் கொண்டாடியது. எல்எஸ்யூவிடம் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டவர்களும், இரண்டு ஆண்டில் ஏன் இவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். நன்கொடையாளர்களும் அப்படியே. பியோர்க் சொன்னபடி முதல் தவணை ‘12ஆவது ஆள்’ அறக்கட்டளையின் நிபந்தனையற்ற நன்கொடையிலிருந்து போகும். ஆண்டுத் தவணைகளை விளையாட்டுத் துறையே வருமானத்தைக் கூட்டியும் செலவைச் சரிக்கட்டியும் தரும். வரிப்பணம் இல்லை என்பதில் ஆறுதல் உண்டு. ஆனால் அந்த நன்கொடையில் டிக்கெட் இருக்கைக்காக வருடந்தோறும் பணம் கட்டும் சாதாரண ரசிகர்களின் காசும் இருக்கிறது.

அனுப்பியது சரியா? சரி என்றே நினைக்கிறேன். அணி நியூட்ரலில் மாட்டிக்கொண்டது என்று பியோர்க் அன்று சொன்னார். இன்னும் இரண்டு ஆண்டு வைத்திருந்தால் பாக்கி குறைந்திருக்கும். ஆனால் வீரர்களும் நன்கொடையும் வேகமாகக் கரைந்திருக்கும்.

அதற்குப் பிறகு

வுட்வர்ட் எல்எஸ்யூவில் 2021 முடிவில் பிரையன் கெல்லியை 10 ஆண்டுக்கு 9.5 கோடி டாலருக்கு எடுத்தார். 2025 அக்டோபர் 25 அன்று எல்எஸ்யூ தன் மைதானத்திலேயே 49-25 என்று தோற்றது. ஜெயித்தது ஏ அண்ட் எம். மறுநாள் கெல்லி போனார். பாக்கி 5 கோடி டாலருக்கும் மேல். லூசியானா ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி நிருபர்கள் முன்னிலையில், ஏ அண்ட் எம்முக்கு 7 கோடிக்கும் மேல் கடன் வைத்த ஒப்பந்தத்தை எழுதியவர் வுட்வர்ட்தான், அடுத்த கோச்சை அவர் தேர்ந்தெடுக்க விடமாட்டேன் என்றார். மறுநாள் வுட்வர்டும் பதவியை இழந்தார். ஆளுநரின் குற்றச்சாட்டில் பாதிதான் நியாயம். உத்தரவாதமும் கழிவு விதி இல்லாமையும் வுட்வர்ட் போட்ட அடித்தளம். தொகையை இரட்டிப்புக்கும் மேல் ஆக்கிய நீட்டிப்பு, அவர் ஏ அண்ட் எம்மை விட்டுப் போன இரண்டு ஆண்டுக்குப் பிறகு நடந்தது.

கழிவு விதி இருந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே பருவம் காட்டியது. பென் ஸ்டேட் 2025 அக்டோபரில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை அனுப்பியபோது பாக்கி 4.9 கோடி டாலர் அளவு. அவர் ஒப்பந்தத்தில் வேறு வேலை தேட வேண்டும் என்ற கடமை இருந்தது. நவம்பரில் வர்ஜினியா டெக் அவரை எடுத்துக்கொள்ள, பென் ஸ்டேட்டின் கடன் 90 லட்சத்தில் தீர்ந்தது. ஃபிஷர் 2025இல் டிவி விமர்சகராகச் சேர்ந்தார். ஏ அண்ட் எம்மின் தவணையில் ஒரு டாலரும் குறையவில்லை.

ஃபிஷரின் இடத்துக்கு 2023 நவம்பரில் மைக் எல்கோ வந்தார். ஃபிஷரிடமே நான்கு ஆண்டு தடுப்புப் பிரிவை நடத்தி, பின் டியூக்கில் ஹெட் கோச் ஆனவர். ஆறு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 70 லட்சம். ஃபிஷருக்கு வேலை பார்க்காமல் இருப்பதற்குக் கொடுக்கும் 72 லட்சத்தைவிடக் குறைவு. 2024இல் 8-5. 2025இல் 11-1 என்று வழக்கமான பருவத்தை முடித்து, பல்கலைக்கழக வரலாற்றில் முதன்முறையாகத் தேசிய பிளே ஆஃப்புக்கு அணியைக் கொண்டுபோனார். கைல் ஃபீல்டில் மியாமியிடம் 10-3 என்று தோற்றார்.

அந்தப் பருவம் முடியும் முன்பே, பெரிய கல்லூரிகளில் வரிசையாகக் கோச் இடங்கள் காலியாகிக்கொண்டிருந்த நவம்பரில், எல்கோவின் ஒப்பந்தம் மாற்றி எழுதப்பட்டது. சம்பளம் ஆண்டுக்கு 1 கோடி டாலரைத் தாண்டியது. 2025 ஜூலையிலிருந்து வீரர்களுக்கும் கல்லூரியே நேரடியாக, எல்லோருக்கும் சேர்த்து முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை, கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. ஃபிஷருக்குக் கொடுத்து முடிக்கவேண்டிய மொத்தத் தொகை அந்த உச்சவரம்பில் ஏறத்தாழ நான்கு ஆண்டுக் கணக்கு. எல்கோவின் சம்பளம், வீரர்களின் பங்கு, ஃபிஷரின் 72 லட்சம் மூன்றையும் 2031 வரை அந்த விளையாட்டுத் துறையே ஆண்டுதோறும் ஈட்டித் தரவேண்டும்.